கருமாதி மொச்சை

1

திருத்தணியில் எனக்குக் கருமாதி செய்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டு, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பயந்துவிட வேண்டாம். பேய் எழுதுகிற கட்டுரை இல்லை இது.

எழுத வைத்தது ஒரு சின்ன விஷயம். இங்கே மாடி வீட்டுக்காரர்கள் மண்ணைத் தொட ஆசைப்பட்டால், ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் தோட்டக் காலனியில் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுக்கலாம். எடுப்பது சுலபம். அதற்கப்புறம்தான் சட்டம் ஆரம்பிக்கும். வேலி இவ்வளவு உயரம், புல் இவ்வளவு உயரம், மத்தியானத்தில் சத்தம் கூடாது, ஞாயிற்றுக்கிழமை சுத்தியலைத் தொடக்கூடாது. எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்யக்கூட இத்தனை கையெழுத்துப் போடவில்லை.

போன வாரம் சங்கத் தலைவர் சுற்றிப் பார்க்க வந்தார். ஓய்வு பெற்ற மனிதர், நல்லவர், காலுறையைக் கூட இஸ்திரி போட்டு மாட்டுகிறவர். மற்ற துண்டுகளில் கோஸும் பீன்ஸும் நூல் பிடித்த மாதிரி வரிசையில் நின்றன. என் துண்டில் கொத்தமல்லி விதை பிடித்துச் சாய்ந்து கிடந்தது. தண்டுக்கீரை பாதை நடுவில் என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. சாமந்தி எங்கே விழுந்ததோ அங்கேயெல்லாம் முளைத்திருந்தது. கருவிகள் வைக்கும் மரக் குடிசையின் கதவை ஒரு மணத்தக்காளி மறித்துக்கொண்டிருந்தது. நாங்கள் கதவைப் பாதிதான் திறப்போம்.

"இதையெல்லாம் யார் விதைத்தது?" என்று கேட்டார்.

யாரும் விதைக்கவில்லை, தானாக வந்தவை என்று சொல்ல நினைத்தேன். அவசரத்தில் என் ஜெர்மன் எப்போதும் காலை வாரிவிடும். "இவற்றுக்கு அப்பா அம்மா கிடையாது" என்று சொல்லிவிட்டேன். மனிதர் சிரித்தார். பக்கத்தில் நின்ற என் மகள் யாஸ்மின் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயது. அம்மா வாயைத் திறந்தாலே அவளுக்கு மானம் போய்விடும். "நீ இரும்மா, நான் பேசுறேன்" என்று ஜெர்மனில் என்னை ஓரங்கட்டிவிட்டு, அவரிடம் தண்ணீர் மாதிரிப் பேசினாள். விதை உதிர்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவோம் என்று என்னைக் கேட்காமலே வாக்கும் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் கையுறை மாட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தேன். ஒரு செடியைக் கூடப் பிடுங்கவில்லை. முடியவில்லை. காதர், என் வீட்டுக்காரர், வந்து பார்த்துவிட்டு, "இன்னா, துண்டு போனாலும் பரவால்லியா?" என்றார். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

எங்கள் வீடு மலையடிவாரத்துத் தெருவில் இருக்கிறது. முன்பக்கம் தெரு. பின்பக்கம் அரை கிரவுண்டு கூட இல்லாத இடம், அதற்கப்புறம் இடுப்பளவு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பத்மாக்கா வீடு. அந்த இடத்தைத் தோட்டம் என்று சொன்னால் தோட்டம் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். துளசி, தும்பை, கீழாநெல்லி, காசித்தும்பை, கனகாம்பரம், பண்ணைக்கீரை, அந்திமந்தாரை என்று எதெது எங்கே வந்ததோ அது அங்கேயே நின்றது. குளியலறை வாசலில் ஒரு துளசி நின்றதால் நாங்கள் ஐந்து வருஷம் பக்கவாட்டில் நுழைந்து குளித்தோம். துவைக்கும் கல்லின் விரிசலில் ஒரு பப்பாளி முளைத்தது. நைனா, என் அப்பா, அதை வெட்டப் போனார். அம்மா துவைக்கும் கல்லை நகர்த்த ஆள் கூப்பிட்டு வந்தாள்.

செடிகளுக்கு அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அதற்கெல்லாம் சேர்த்து வைத்து எங்களுக்குச் சொல்வாள். சனியனே, மூதேவி, தரித்திரமே என்பவைதான் வீட்டில் எனக்குப் பேர். தெருவில் யாராவது சுமதி என்று கூப்பிட்டால் ஒரு நிமிஷம் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு தடவை சந்தையில் கொத்தவரை விதை வாங்கி வந்து அம்மாவே வரிசையாகப் போட்டாள். வந்தது, ஆனால் சோனியாக வந்தது. காய் பிடிக்கவில்லை. ஒரு மத்தியானம் முழுவதையும் பிடுங்கிக் குப்பையில் வீசினாள். பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாத குப்பைமேனி ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. அதைத் தொடவில்லை. எனக்கு அப்போது யாஸ்மின் வயசு இருக்கும். ஏம்மா இப்படி என்று கேட்டேன்.

"அது நான் போட்டது. நான் போட்டத நான் புடுங்குவேன், எவ கேக்கறது?" என்றாள். "இது அப்டியா? தானா வந்துச்சி. என்னியக் கேட்டுகினா வந்துச்சி? அத்தப் போன்னு சொல்ல நான் யாரு?"

நியாயமாகத்தான் பட்டது. நானும் அவள் போட்டவள்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

3

நைனாவுக்கு அம்மையார்குப்பத்தில் பவர்லூம் இருந்தது. மோட்டார் எரிந்துபோனால் அரக்கோணத்திலிருந்து காதர் வருவார். மோட்டார் அடிக்கடி எரிந்தது. அதற்கு நான் காரணம் இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அவர் நம்புவதில்லை.

மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவெடுத்தோம். அதற்குப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எங்கள் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் அல்லவா, அதற்காக. காதல் விவகாரத்தை அரசாங்கமே சுவரில் ஒட்டிக் காட்டுகிறது என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் தெருவுக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் நாங்கள் சென்னைக்குப் போய்விட்டோம். காதர் வீட்டில் எனக்கு வேறு பெயர் வைக்கப் பார்த்தார்கள். நான் முடியாது என்றேன். அவர்களும் ரொம்ப நாள் பேசவில்லை. யாஸ்மின் பிறந்த அன்று மாமியார் போனில் ஓவென்று அழுதார், அதோடு அது சரியாகிவிட்டது.

எங்கள் வீட்டில் அழவில்லை. வேலையை முடித்தார்கள். நைனா மொட்டை அடித்துக்கொண்டார். ரயில்வே ஸ்டேஷன் சுவரில் எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் போட்டோ, ரெட்டை ஜடை, எண்ணெய் வழியும் முகம். செத்தவளுக்கு ஒரு நல்ல போட்டோ போட்டிருக்கலாம். என் துணிமணி, பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பின்பக்கத்து மூலையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். உடம்பு இல்லாத கருமாதிக்கு ஏதாவது ஒன்று வேண்டும் இல்லையா? பிறகு அதன்மேல் பால் தெளித்து நவதானியம் தூவினார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த பத்மாக்காதான் பிறகு எனக்குச் சொன்னார். "உங்கம்மாதான் தூவுச்சி. ஒரு சொட்டு அழுவல சுமதி. நான் கையத்தான் பாத்துகினு இருந்தேன், கையிகூட நடுங்கல."

அந்தப் பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு நகல் வாங்க நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார்.

"எப்டிமா தொலைஞ்சிது?"

"தொலையல சார். பொதச்சிட்டாங்க."

"எதுக்கு?"

"நான் செத்துட்டேன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எரிஞ்சிபோச்சின்னு எழுதிக்கிறேன். அதான் வழக்கம்" என்றார். அந்த நகலை வைத்துக்கொண்டுதான் முதலில் மஸ்கட், பிறகு ஜெர்மனி என்று வந்து சேர்ந்தோம்.

4

கருமாதி நவதானியத்தில் முளைப்பதை வீட்டு ஆட்கள் சாப்பிடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடு மாடு மேய்ந்தால் மேயட்டும் என்று விடுவார்கள், இல்லாவிட்டால் கொத்திப் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஆடும் இல்லை, மாடும் இல்லை. அம்மா கொத்தவும் இல்லை. எள்ளும் கொள்ளும் ஒன்றிரண்டு வருஷத்தில் ஓய்ந்துவிட்டன. மொச்சை மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டது. காய்ந்து வெடித்து, விழுந்து, மழைக்கு முளைத்து, மறுபடி படர்ந்தது. பத்மாக்கா சுவர் மேல் போனை வைத்து வீடியோவில் காட்டுவார். "பாரு, உன் மொச்ச எப்டி ஏறிகினு கீது." என் மேல் முளைத்ததை நான் ஐரோப்பாவில் உட்கார்ந்து பார்ப்பேன்.

அந்த வீடியோவில் சில சமயம் அம்மா குறுக்கே போவாள். முதுகுதான் தெரியும். ஒரு முறை குனிந்து எதையோ பிடுங்கி எறிந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளாவது பிடுங்குவதாவது. என்னக்கா அது என்று கேட்டேன். பத்மாக்கா சங்கடமாகச் சிரித்தார். "துலுக்க சாமந்தி கண்ணு. நீ போனதுல இருந்து அத்த மட்டும் வெக்கறதில்ல. வருசா வருசம் தானா வருது, வருசா வருசம் இதும் புடுங்குது." நான் காதரிடம் சொன்னேன். அவர் கார் எஞ்சினிலிருந்து தலையை எடுக்காமல், "நம்ம மேல ஒரு ஞாபகமாவது கீதே" என்றார்.

நைனா போன வருஷம் இறந்தார். எனக்குச் செய்தி வந்தது எல்லாம் முடிந்த பிறகு. செத்தவளுக்குச் சாவுச் செய்தி சொல்லி அனுப்புகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? அன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு மசித்தேன். அழுதால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு கிலோ வெங்காயம் சேர்த்து உரித்தேன்.

அதற்கப்புறம் அம்மா தனியாக இருந்தாள். இருமல் என்றார் பத்மாக்கா. ராத்திரி விளக்கை அணைப்பதில்லை என்றார். "நைனாதானே முறுக்கிகினு நின்னாரு, அவரே பூட்டாரு. நீ ஒரு தபா வந்து கால்ல வுழுந்து பாரேன்" என்றார்.

யாஸ்மினும் அந்த வருஷம்தான் நச்சரிக்க ஆரம்பித்திருந்தாள். அவள் சிநேகிதிகளுக்கெல்லாம் விடுமுறைக்குப் போக ஒரு பாட்டி வீடு இருந்தது. அவளுக்குத் தமிழ் பாதிதான் வரும், அந்தப் பாதியையும் வெட்கப்பட்டுக்கொண்டு பேசுவாள். ஆனால் பாட்டி என்ற வார்த்தையைச் சுத்தமாகச் சொல்வாள். பாட்டிக்கு அம்மா மேல் கோபம் என்பதற்கு மேல் நாங்கள் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. என் அம்மா வாயால் ஒரு தடவை என்னைக் கூப்பிட வேண்டும். சுமதி என்று கூட வேண்டாம், சனியனே என்றால் போதும். என் பெண்ணை அந்த வீட்டுக்குள் விட வேண்டும். இந்த இரண்டுக்காகத்தான் கோடை விடுமுறையில் டிக்கெட் எடுத்தேன். காதர் அரக்கோணத்தோடு நின்றுவிட்டார். "நா வர்ல. நா வந்தா உங்கம்மாக்கு அதுவே ஒரு சாக்காப் பூடும்" என்றார்.

5

நாங்கள் போய் இறங்கியது ஆடி அமாவாசை அன்று. நாள் பார்த்துப் போகவில்லை, காலண்டர் பார்க்கிற பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது. கிருத்திகை முடிந்தும் காவடிக் கூட்டம் குறையவில்லை. ரயிலில் நிற்க இடம் இல்லை. யாஸ்மின் வழியில் எதையும் தின்னவில்லை, வயிற்றுக்கு ஆகாது என்று நான்தான் மிரட்டி வைத்திருந்தேன். காலையிலிருந்து இரண்டு பிஸ்கட்.

பத்மாக்கா தன் வீட்டு வழியாகப் பின்பக்கம் அழைத்துப் போனார். சுவரில் ஓரிடத்தில் கல் பெயர்ந்து வழி இருந்தது. தாண்டினேன். அம்மா தொட்டியோரம் உட்கார்ந்து வாழை இலை கழுவிக்கொண்டிருந்தாள். ஒடுங்கிப்போயிருந்தாள். என்னைப் பார்த்தாள். கை நின்றது. பிறகு மறுபடி இலையைக் கழுவ ஆரம்பித்தது.

"யாரு பத்மா, மலைக்கி வந்தவங்களா?"

"நல்லாப் பாருக்கா. நம்ம சுமதி."

"தண்ணி வேணுன்னா குடுத்தனுப்பு. கொடத்துல கீது."

"அம்மா, நான்தாம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் தெரியாத பார்வை இல்லை, மறதி பிடித்த பார்வையும் இல்லை. "எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சிங்க" என்றாள். "பூடுச்சி. இன்னிக்கி அமாவாச இல்லீங்களா, அதுக்குந்தான் சமைச்சிகினு கீறேன். நேரமாவுது. நீங்க கெளம்புங்க."

ஆயுசு முழுக்க என்னை மூதேவி என்று கூப்பிட்ட வாயில் 'ங்க' வந்தது. அவள் அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் குனிந்து காலைத் தொடப் போனேன். சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள். "அய்ய, இன்னாங்க இது. பெரிய எடத்துப் பொம்பள மாரி கீறீங்க, எங்காலப் போயி."

எனக்கும் அவள் ரத்தம்தானே. கோபம் தலைக்கு ஏறியது. "சரிங்க. எப்டி செத்துச்சி உங்க பொண்ணு?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்ங்க. ரெண்டே நாளு." ஒரு நொடி யோசிக்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்.

"நல்ல பொண்ணா?"

"வாய் ஜாஸ்திங்க." இலையை உதறினாள். "மொச்சக்கொட்ட காரக்கொழம்புன்னா உசுரு. நாலு தபா ஊத்திக்கும். அந்த மூலைல வருது பாருங்க, அந்த மொச்ச. அத்தக் காய வெச்சி எடுத்து, இன்னிக்கி ஒரு நாளு, அதுக்குன்னு தனிச் சட்டில ஆக்கறது. வூட்டாளுங்க துன்றதில்லீங்க." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

நான் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போது என்னை நினைத்து அழுதாள். அந்தச் செத்தவள் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது. பதினைந்து வருஷம் அவளுக்குப் பிடித்த குழம்பை வைத்துக் கொடுத்திருக்கிறாள்! எனக்கு ஒரு போன் கிடையாது!

அப்போது பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. யாஸ்மின் காசித்தும்பைச் செடிகளுக்கு நடுவில் குந்தி, முற்றிய காய்களை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தினால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"பாட்டி, இது யார் வச்சது?" யாஸ்மின் தன் பாதித் தமிழில் கேட்டாள்.

அம்மா கையில் இருந்த இலையைக் கீழே வைத்தாள். "யாரும் வெக்கல. தானா வந்துச்சி."

"வழியில இருக்கே. எடுத்துப் போட மாட்டீங்களா?"

"தானா வந்தத நான் இன்னாத்துக்குப் புடுங்கறேன்?"

இதைச் சொல்லிவிட்டு அம்மா அவளையே பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், மோவாயைப் பார்த்தாள், விதை ஒட்டியிருந்த விரலைப் பார்த்தாள்.

"உம் பேரு இன்னா பாப்பா?"

"யாஸ்மின்."

பத்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மலைமேல் மேளச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து கழுவிய இலைகளை எடுத்துக்கொண்டாள்.

"சாப்ட்டியா?"

"இல்ல. ரொம்பப் பசிக்குது."

"உள்ள வா."

யாஸ்மின் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் ஓடினாள். நானும் இரண்டு அடி எடுத்து வைத்தேன். பின்வாசல் படியில் நின்று அம்மா திரும்பினாள். "நீங்க அங்கியே இருங்க." கருமாதி ஆனவள் வாசல் தாண்டினால் வீட்டுக்கு ஆகாது. அது எனக்கும் தெரிந்ததுதான். துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் யாஸ்மின் வெளியே ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. சந்தோஷம் வந்தால் அவளுக்கு ஜெர்மன்தான் வரும். "அம்மா, உள்ளே உன் போட்டோ மாட்டியிருக்காங்க! சின்னப் பொண்ணா, ரெட்டை ஜடை போட்டு! பெரிய பூமாலை எல்லாம் போட்டிருக்கு! தாத்தாவுக்குக் கூட உன்னைவிடச் சின்ன மாலைதான். பாட்டிக்கு உன்னைப் பிடிச்சுத்தான் இருக்கு, நீ சும்மா பயந்துட்டே!"

"ஆமாம்டா கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் மறுபடி உள்ளே ஓடிவிட்டாள்.

படையல் முடிந்தது. அம்மா ஒரு துண்டு இலையில் சோறும் வடையும் மொச்சைக் குழம்பும் கொண்டு வந்து சுவர் மேல் வைத்தாள். காக்கை வந்து எடுத்த பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள். எடுக்காவிட்டால் செத்தவர்களுக்கு மனம் ஆறவில்லை என்று அர்த்தம். "கா... கா..." என்று அம்மா மலைப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். ஒரு காக்கையும் இல்லை. மேளமும் ஒலிபெருக்கியும் பட்டாசும் சேர்ந்து அன்று எல்லாவற்றையும் விரட்டியிருந்தன. திறந்திருந்த கதவு வழியாக எனக்கு உள்ளே தெரிந்தது. யாஸ்மின் தரையில் சம்மணம் போட முடியாமல் போட்டுக்கொண்டு, முன்னால் இலை இல்லாத வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாஸ்மின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல அழ ஆரம்பித்தாள்.

"கொயந்தைக்காவது போட்டுடுக்கா" என்று உள்ளேயிருந்து பத்மாக்கா கெஞ்சினார். "மொகம் வாடிப்போச்சி."

"காக்கா எடுக்காத எப்டிப் போடறது? வழக்கம்னு ஒண்ணு கீதில்ல?"

"அது வந்தாதானே?"

"வரணும். இத்தினி வருசமா வந்துச்சில்ல? இன்னிக்கி மட்டும் இன்னாவாம்?" அம்மாவின் குரல் உடைந்தது. மறுபடியும் மலையைப் பார்த்து, "கா... கா..." என்றாள். என் பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

நான் எழுந்தேன். யோசித்தெல்லாம் எழவில்லை, உள்ளே என் குழந்தை அழுதுகொண்டிருந்தது, அவ்வளவுதான். சுவரோரம் போனேன். கை கழுவவில்லை, உட்காரவில்லை. நின்றபடியே அந்த இலையில் கையை வைத்துப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டேன். அம்மாவின் கூப்பிடும் சத்தம் பாதியில் நின்றது. மொச்சை நன்றாக வெந்திருந்தது. உப்பு, புளி, காரம் எல்லாம் எனக்குப் பிடித்த அளவில் இருந்தன. இன்னொரு வாய் எடுத்தேன். மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுகத் தின்றேன். மென்றுகொண்டே அவளைப் பார்த்தேன். அவளும் இந்த முறை முகத்தைத் திருப்பாமல், நான் முழுங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பத்மா, காக்கா எடுத்துச்சி. பாப்பாக்கு எலை போடு."